குப்பை வண்டிப் பாட்டின் சொந்தக்காரர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிரஷர் 148/90.

தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உரக்கடையில் கொடுத்த டைரி ஏழு மாதமாகச் சும்மா கிடந்தது. அந்த எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் வெறிச்சென்று இருக்கிறது. மிச்ச இடத்தில் எதையாவது எழுதி வைப்போம். வீட்டில் பேச ஆள் இல்லை என்பதால் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

டைரி தொலைந்துபோனால் எடுத்தவருக்குத் தெரிய வேண்டுமே. என் பெயர் தெய்வசிகாமணி. வயது அறுபத்து நான்கு. தொழில் விளம்பர ஒலிப்பதிவு. இந்த ஊரில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகும் அறிவிப்புகளில் பாதிக்கு மேல் என் வீட்டு முன்னறையில் பதிவானவை. ஜவுளிக்கடைத் திறப்பு விழா, கும்பாபிஷேகம், கண் சிகிச்சை முகாம், காணாமல் போன நாய் எல்லாம் நம் கைவேலைதான்.

ஆறே முக்காலுக்குக் குப்பை வண்டி வந்தது. இருபத்து மூன்று வருடமாக அதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

150/92.

சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மெர்லின் என்று பெயர். சினிமாக் கம்பெனியில் வேலை. தை மாதம் எங்கள் வீதியில் நான்கு நாள் படம் எடுத்தார்களே, அந்தக் கம்பெனி. அதில் ஒரு காட்சியில் கதாநாயகி வாசலில் நின்றுகொண்டிருக்க, குப்பை வண்டி பாடிக்கொண்டே போகிறதாம். பாட்டை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியில் ஒன்றும் மிச்சமில்லை என்கிறாராம் இயக்குநர். நகராட்சியில் விசாரித்ததில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

“பாட்டு உங்களோடதுதானே சார்?”

“என்னுதுதான். என்ற பேர்லதான் நகராட்சியில சான்றிதழே குடுத்திருக்கறாங்க.”

“அப்போ உங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும்.”

“தெருவுல போற வண்டி பாடுது. அதுக்கு எதுக்கம்மிணி அனுமதி?”

“தெருவுல யார் வேணா கேக்கலாம் சார். படத்துல வச்சு வெளியிடறதுக்குத்தான் அனுமதி.”

முப்பது வருடமாக சினிமாப் பாட்டின் இசையை வெட்டி விளம்பரத்துக்கு அடியில் ஒட்டிப் பிழைத்தவன் நான். என்னிடம் வந்து அனுமதி கேட்கிறாள். சிரிப்பாக இருந்தது. பத்து செகண்டுக்குள் போட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள், அதைச் சொன்னேன். அப்படி ஒரு சட்டமே கிடையாது, யாரோ கிளப்பிவிட்டது என்றாள். கடைசியில் நன்றி என்று பேரைப் போட்டுவிட்டால் போதாதா என்றேன்.

“நன்றி வேற, அனுமதி வேற சார். ஒண்ணு இன்னொண்ணுக்கு ஈடாகாது.”

கெட்டிக்காரப் பெண். திங்கட்கிழமை நேரில் வருகிறாளாம்.

ஆகஸ்ட் 9, சனி

146/90. மிக்ஸி ஜார் ஒழுகுகிறது. தேங்காய்ச் சட்னி இல்லாமல் இட்லியை மோரில் பிசைந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் 150/90. சாயங்காலம் தலை கனமாக இருக்கிறதே என்று மறுபடி பார்த்தேன், 166/98. வெயில்.

மெர்லின் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். அதனால் பிடித்துப்போயிற்று. பையிலிருந்து ஒரு படிவம் எடுத்தாள். அதில் ஐந்து வரிசை. பாடல் வரிகள் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாத்தியம் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்.

“ஒரு குப்பை வண்டிப் பாட்டுக்கு அஞ்சு சொந்தக்காரனா?”

“வெளியில கேக்கறவங்களுக்கு ஒரு பாட்டு சார். சட்டத்துக்கு அஞ்சு தனித்தனிச் சாமான். ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்கிட்டு வந்தா மிச்ச நாலும் திருட்டுதான். எழுதினவங்க, மெட்டுப் போட்டவங்களோட உரிமை அவங்க காலத்துக்கு அப்புறமும் அறுபது வருஷம் இருக்கும்.”

வரிகள், மெட்டு, வாத்தியம், ஒலிப்பதிவு நான்கிலும் என் பெயரை எழுதினேன். வாத்தியம் என்றால் எல்லாம் கீபோர்டுதான் என்றேன். நடுவில் ஏதோ தட்டுகிற சத்தம் வருகிறதே என்றாள். அது ஒன்றுமில்லை என்றேன்.

“பாடினவங்க?”

“யாரோ ஒரு பொண்ணு. அப்பப்ப வந்து பாடிட்டுப் போவாங்க. பேரெல்லாம் ஞாபகமில்லை.”

மெர்லின் பேனாவை மூடி வைத்தாள். பெயர் தெரியவில்லை என்பதற்காக அந்த ஆள் இல்லை என்று ஆகிவிடாது, பாடியவருக்கும் அதில் உரிமை உண்டு, அவர் சம்மதம் இல்லாமல் வைக்க முடியாது என்றாள். செப்டம்பர் இருபத்தைந்துக்குள் எல்லாக் கையெழுத்தும் வராவிட்டால் அந்த இடத்தில் கோயில் மணிச் சத்தம் போட்டுவிடுவார்களாம்.

போகும்போது சுவரில் சாந்தாமணியின் படத்தைப் பார்த்தாள். மேடமா என்று கேட்டாள். ஆமாம், ஆறு வருடம் ஆகிறது என்றேன். படத்துக்குக் கீழே இருக்கும் சின்ன பல்பு எரியவில்லை. மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

164/98. மாத்திரை போட மறந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

154/94.

குப்பை வண்டி ஓட்டும் பழனியம்மா இன்றைக்கு வண்டியை நிறுத்தி ஒரு சேதி சொன்னாள்.

“ஒண்ணாந்தேதியில இருந்து புது வண்டி வருதுங் சார். பாட்டும் புதுசாமா. மெட்ராஸ்ல இருந்தே போட்டு அனுப்பறாங்களாமா.”

“நல்லதாப் போச்சு. கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு.”

“அப்புடீங்களா? நேத்துப் பிள்ளையார் கோயில் வீதியில நின்னுட்டு இருந்தீங்க. முந்தா நாளு ரைஸ்மில் சந்துல. அங்கெல்லாம் உங்களுக்கு யாருங் சார் இருக்கறாங்க?”

நடைப்பயிற்சிக்குப் போனேன் என்றேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

152/92.

பரணைச் சுத்தம் செய்தேன். பழைய சிடிகளில் ஒன்றின் மேல் ‘நகராட்சி, 2002’ என்று என் கையெழுத்து. வண்டியில் ஓடுவது இதிலிருந்து வெட்டிய பிரதி. இதில் முன்னும் பின்னும் முழுதாக இருக்கிறது. போட்டுக் கேட்டேன். வேறு வேலை ஒன்றும் இல்லை.

முதலில் நான் இருமுகிறேன். பிறகு, “ஆரம்பிக்கட்டுங்களா?” என்று அவள் கேட்கிறாள். பிறகு பாட்டு.

வண்டிக்குப் பசிக்குதுங்க
வாசக் கதவு தொறங்க
ஈரமெல்லாம் ஒரு வாயி
காஞ்சதெல்லாம் மறு வாயி

வண்டியின் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்டே பழகிவிட்டது. இவ்வளவு மெதுவான குரல் என்பது மறந்துபோயிருந்தது. ‘பசிக்குதுங்க’ என்ற இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடியிருக்கிறாள். அது வண்டியில் தெரியாது. முடிந்தபிறகு, “செரியா வந்துச்சுங்களா?” என்று கேட்கிறாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது பதிவில் இல்லை. அதற்குள் நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

எல்லாம் சரி, வாளிச் சத்தம்தான் கொஞ்சம் தூக்கல். அன்றைக்கே குறைத்திருக்க வேண்டும். மகள் ஹேமாவுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாத நாள் அது. எட்டு வயது. அம்மாவை விட்டு நகர மாட்டேன் என்று பதிவறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தொல்லையில் நான் எதையும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை.

பாடியது சாந்தாமணிதான். மெர்லினிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் பதிவு செய்த விளம்பரங்களில் பெண் குரல் வந்த இடமெல்லாம் அவள்தான். வெளியாட்களிடம் யாரோ ஒரு பெண் என்று சொல்வது தொழிலில் பழக்கம். வீட்டு ஆள் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள். வாய் பழகிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

158/94.

மெர்லினுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“மேடத்துக்கு வாரிசு யார் யார் சார்?”

வாரிசுச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. அதில் இரண்டு பெயர். கணவர் தெய்வசிகாமணி, மகள் ஹேமலதா. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் மட்டும் போட்டால் பாதிக் குரலுக்குத்தான் அனுமதி என்றாள். பாதிக் குரலை எப்படிப் பாடுவது என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

ஹேமா ஓசூரில் இருக்கிறாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆறு வருடமாகப் பேச்சில்லை. நம்பர் இருக்கிறது. கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு அவள் எடுக்காவிட்டால், எடுக்க மாட்டாள் என்பது உறுதியாகத் தெரிந்துவிடும். இப்போது அது உறுதியாகத் தெரியாது.

புதுப் படிவத்தில் பாடியவர் என்ற இடத்தில் சாந்தாமணி என்று எழுதினேன். மற்ற இடங்களில் முன்போலவே என் பெயர். ஹேமாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. படிவத்திலேயே எல்லாம் இருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

150/90. புது ஜவுளிக்கடை விளம்பரம் பதிவு செய்தேன். வழக்கமாகப் போடும் சினிமா இசையைப் போடாமல் கீபோர்டில் நானே ஏதோ வாசித்துச் சேர்த்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார். “ஊரே போடுது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?” என்றார். சட்டம் என்றேன். உங்களுக்கு வயசாகிவிட்டது என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

152/90. தபால்காரர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்பது பத்து மணிக்குத்தான் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

170/100.

ஹேமாவிடமிருந்து உறை வந்தது. உள்ளே என் படிவம் மட்டும். கையெழுத்து இல்லை. ஒரு வரி இல்லை. வரிகள் எழுதியவர், மெட்டமைத்தவர் என்ற இரண்டு இடத்திலும் என் பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான். பள்ளிக்கூட வாத்தியார் தப்பான விடைக்குப் போடுகிற மாதிரி.

மத்தியானம் சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

168/98.

மெர்லினைக் கூப்பிட்டு, மகள் இல்லாமல் முடிக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். மைக் என்னுடையது, கீபோர்டு என்னுடையது, அறை என்னுடையது, நகராட்சிக்குப் பத்து தடவை நடந்தது நான், சான்றிதழ் என் பெயரில், பிறகு என்ன வட்டம் என்று கேட்டேன். அவளுக்கு எந்த வட்டம் என்று புரியவில்லை. விளக்கிச் சொன்னேன்.

“சார், ஒண்ணு கேக்கறேன். வரியும் மெட்டும் நீங்க போட்டதுதானா?”

அவளே பேசினாள்.

“உரிமையை எழுதிக் குடுத்துடலாம், வித்துடலாம், புருஷனுக்கு விட்டும் குடுத்துடலாம். ஆனா இதை உண்டாக்கினது நான்தாங்கற பேர் இருக்கு பாருங்க, அது மட்டும் கூடவே போகாது. அவங்க இல்லாமப் போனாலும் அவங்க வாரிசு வந்து கேக்கலாம். உங்க மக கேக்கறது அதுதான்னு நினைக்கறேன்.”

போனை வைத்துவிட்டேன். ஊரார் வீட்டு விஷயம் இவளுக்கு எதற்கு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பிரஷர் பார்க்க நேரமில்லை. ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

இன்றைக்குத்தான் பழைய வண்டிக்குக் கடைசி நாள். வண்டி தொடங்கும் தண்ணீர்த் தொட்டி முக்கிலேயே போய் நின்றேன். அங்கிருந்து ரைஸ்மில் சந்து, பிள்ளையார் கோயில் வீதி, எங்கள் வீதி, போஸ்டாபீஸ் வீதி என்று வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். ஒரு வீதிக்குப் பாட்டு ஐந்து தடவை ஓடும். மூன்றாவது வீதியில் பழனியம்மா வண்டியை நிறுத்தினாள்.

“ஏனுங் சார், குப்பையும் கையில இல்லை. எதுக்கு இப்புடிப் பின்னாலயே வர்றீங்க? கால் நோவுமுங்களே, முன்னால ஏறி உக்காருங்க.”

“வேண்டாம். நீ போம்மா.”

“இது உங்க வீட்டம்மாவோட கொரலுங்களா?”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கண் சிகிச்சை முகாம் அறிவிப்பிலும் இதே குரல்தானே, அப்போதே நினைத்தேன் என்றாள். நான் வண்டியில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். போஸ்டாபீஸ் வீதி முடிகிற வரைக்கும் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓட்டினாள்.

ஆறு வருடமாக நான் தினமும் இந்தக் குரலைக் கேட்கத்தான் எழுந்திருக்கிறேன். காது புளித்துவிட்டது என்று முதல் நாள் எழுதியது பொய்.

செப்டம்பர் 1, திங்கள்

புது வண்டி. ஆண் குரல். சுத்தமான உச்சரிப்பு. குப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன், போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

160/96.

எழுதிவிடுகிறேன்.

ஹேமா சின்ன வயதில் சாப்பிட அடம் பிடிப்பாள். சாந்தாமணி சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிக்குப் பசிக்குதுங்க, கதவு தொறங்க என்று பாடுவாள். ரசம் சோறு ஒரு வாய், அப்பளம் ஒரு வாய். நான் முன்னறையில் ஏதோ விளம்பரத்தைப் பதிவு செய்துகொண்டிருப்பேன். சுவரைத் தாண்டி அந்தப் பாட்டு பதிவில் விழுந்துவிடும். “சத்தத்தை நிறுத்துங்க ரெண்டு பேரும்” என்று கத்துவேன். எத்தனை தடவை கத்தியிருப்பேன் என்று கணக்கில்லை.

குப்பை வண்டிக்குப் பாட்டு வேண்டும் என்று நகராட்சியில் கேட்டபோது ஒரு வாரம் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள்தான், “இதையே குடுத்துப்போடுங்களேன், வண்டி வந்து குப்பையைத் தின்னுட்டுப் போகட்டும்” என்றாள். ஈரமெல்லாம் ஒரு வாயி, காஞ்சதெல்லாம் மறு வாயி என்று நின்ற நிலையில் மாற்றிப் பாடினாள். நான் செய்தது மைக்கை ஆன் செய்ததும் அடியில் கீபோர்டு வாசித்ததும்தான்.

சான்றிதழில் என் பெயர் மட்டும் இருந்தது. அவள் அதைத் துடைத்துச் சுவரில் மாட்டினாள். ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை என்பதும் சம்மதம் என்பதும் வேறு என்று மெர்லின் சொல்வாள்.

அவள் கருமாதி அன்று காலையில் வாசலில் நாற்காலி போட்டு உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குப்பை வண்டி வந்தது. அவள் போய்ப் பதினாறே நாள்தான், தெருவில் அவள் குரல் வருகிறது. என் பெரியப்பா மகன், “உங்க பாட்டுப் போகுது பாருங்க” என்றார். நான், “ஆமா, என்ற பாட்டுதான்” என்றேன். வாய் பழகிவிட்டது என்று முன்பு எழுதினேனே, அதே வாய். ஹேமா காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். “அது அம்மா” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாள்.

சின்னப் பெண், கோபம் தணிந்ததும் வருவாள் என்று எண்ணினேன். தணியவேண்டியது கோபம் இல்லை என்று இப்போது தெரிகிறது. நான் செய்தது திருட்டு. பத்து செகண்ட் இல்லை, முழுப் பாட்டு.

செப்டம்பர் 4, வியாழன்

156/92.

மெர்லின் அனுப்பிய மூன்றாவது படிவம். வரிகள் எழுதியவர் சாந்தாமணி. மெட்டமைத்தவர் சாந்தாமணி. பாடியவர் சாந்தாமணி. வாத்தியம், கீபோர்டு, தெய்வசிகாமணி. ஒலிப்பதிவு தெய்வசிகாமணி.

கூடவே ஒரு துண்டுத் தாள் வைத்தேன். ‘ஹேமா, சரியாக எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்.’ அதற்கு மேல் எழுத முயன்று மூன்று தாள் கிழித்தேன். சிடியின் பிரதி ஒன்றையும் உறையில் போட்டேன். மெர்லினுக்குத் தனி உறையில் இன்னொன்று. தபாலாபீசில் இருந்த அம்மா உள்ளே என்ன என்று கேட்டார். பாட்டு என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

150/90. சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றினேன். அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

பழனியம்மா கீரை கொண்டுவந்து கொடுத்தாள். புதுப் பாட்டு வீதியில் யாருக்கும் பிடிக்கவில்லையாம், வண்டி வந்ததே தெரியாமல் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்களாம். எனக்காகச் சொல்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

158/94. தபால் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

160/94. தபால் இல்லை. மெர்லின் போன் செய்தாள். அவசரப்படுத்த மாட்டேன் சார், ஆனால் கோயில் மணிச் சத்தத்தை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்றாள். அந்தக் காட்சியும் போனால் சாந்தாமணியின் குரல் வெளியில் எங்கும் கேட்காது, சிடிக்குள்தான் கிடக்கும். நான் போனபிறகு அதைப் பரணில் யார் தேடப் போகிறார்கள்.

பயமாக இருக்கிறது. படத்தைப் பற்றி மட்டும் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பகல் பதினொன்றரைக்குத் தபால் வந்தது. உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மேசையில் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன்.

படிவம். சாந்தாமணியின் பெயர் வரும் மூன்று இடத்திலும் பக்கத்தில் ஹேமாவின் கையெழுத்து. வாரிசு என்ற முறையில். பென்சில் வட்டம் எதுவும் இல்லை.

வாத்தியம் வாசித்தவர்கள் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே நீல மையில் அவளே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.

‘வாளி, ஹேமலதா.’

அதற்குப் பக்கத்தில் நான்காவது கையெழுத்து. இது வாரிசாக இல்லை, வாசித்தவராக.

பதிவு நாளில் காய்ச்சலோடு அடம் பிடித்தவள் குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கையாலும் தட்டினாள். வெளியே போ என்று நான் விரட்டினேன். “இருக்கட்டுங்க, நல்லாத்தான் இருக்குது” என்றாள் சாந்தாமணி. பிடுங்கினால் அழுவாள் என்று அப்படியே பதிவு செய்தேன். இருபத்து மூன்று வருடமாக அந்தச் சத்தம் தூக்கல், தூக்கல் என்று சொல்லி வந்திருக்கிறேன். போன மாதம்கூட இதே டைரியில் எழுதியிருக்கிறேன். யார் தட்டியது என்று மட்டும் எழுதவில்லை. மூன்று படிவம் நிரப்பியும் தோன்றவில்லை.

மெர்லினுக்குப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். “ரொம்ப சந்தோஷம் சார். எல்லாப் பேரும் படத்துல வரும்” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, ஒலிக்கலவை செய்பவர் நான் அனுப்பிய முழுப் பதிவைக் கேட்டாராம், வாளிச் சத்தம் அதிகமாக இருக்கிறது, குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாராம் என்றாள்.

“அதை நான் சொல்ல முடியாதம்மிணி. வாசிச்சவங்களைக் கேக்கோணும்” என்றேன்.

நம்பரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அழுத்தினேன். நான்காவது மணியில் எடுத்தாள்.

“நான்தான்.”

“தெரியுதுங்க.”

அவள் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள் போலிருக்கிறது, சத்தம் நின்றது.

“சவுண்டு பாக்கறவங்க வாளி தூக்கலா இருக்குதுங்கறாங்களாமா. கொறைக்கட்டுமான்னு கேக்கறாங்க. உன்னையக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. சட்டம் அப்படி.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

“கொறைக்க வேண்டாம்னு சொல்லுங்கப்பா.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை, பசிக்கிறது என்றேன்.

பிரஷர் இன்றைக்குப் பார்க்கவில்லை.